எங்கே நிற்கிறாய், எவ்வளவு நிச்சயம்?

"ஜிபிஎஸ் சரியான இடத்தைத்தானேடா காட்டுது. பிறகென்ன கோதாரிக்கு இன்னொரு பெட்டி?"

மச்சான் கேட்ட இந்தக் கேள்வி கன நாளாக என் மண்டைக்குள் கிடந்து குடைகிறது. மச்சான் என்றால் கூட்டாளி மச்சான் இல்லை, சொந்த மாமாவின் மகன். டெக்சாஸில் இருக்கிறான். வீட்டுக் கராஜில் ஒரு விமானத்தைச் செய்து முடித்துவிட்டு, அதற்குள் வைக்க வேண்டிய ஒரு சின்னப் பெட்டிக்காக என்னோடு மல்லுக்கு நின்றான். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கைபேசி, இன்வேர்ட்டர், ரீவி போர்ட் திருத்துகிற கடை வைத்திருக்கிறவன் நான். ஆனால் வீட்டு மாடியில், தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில், போகிற வருகிற விமானங்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்கிற ஒரு ரிசீவரும் வைத்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் அவன் என்னிடம் கேட்டான். அந்த உரிமையில்தான் நானும் வாயைக் கொடுத்தேன்.

ராடார் கேட்டால்தான் விமானத்தில் இருந்து பதில் வரும். ஏடிஎஸ்-பி (ADS-B) என்கிற ஒலிபரப்பு அப்படியில்லை, ஒருவரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போகும். விமானம் தன் ஜிபிஎஸ்ஸில் இருந்து இடத்தை எடுத்து, உயரம், வேகம், அடையாள இலக்கம் எல்லாவற்றையும் சேர்த்து 1090 மெகாஹேர்ட்ஸில் விட்டுக்கொண்டே இருக்கும். இடத்தைச் செக்கனுக்கு இரண்டு தடவை சொல்லும். ஒவ்வொரு செய்தியும் 112 பிட். பூட்டு, சாவி, இரகசியக் குறி எதுவும் கிடையாது. பக்கத்தில் பறக்கிற விமானமும் கேட்கலாம், கட்டுப்பாட்டுக் கோபுரமும் கேட்கலாம், கொக்குவிலில் மாடியில் கம்பி நட்டவனும் கேட்கலாம். அந்தக் கம்பி ஒன்றும் பெரிய வித்தையில்லை. 1090 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் இருபத்தேழரைச் சென்ரிமீற்றர். அதில் கால்வாசி 6.9 சென்ரிமீற்றர். வயரிங் வேலையில் மிஞ்சிய செப்புக் கம்பியை அந்த அளவுக்கு வெட்டி நிமிர்த்தி வைத்து, இன்னும் நான்கு கம்பிகளைக் கீழ்நோக்கிச் சரித்து விரித்து, ஒரு கனெக்டரில் ஈயம் ஒட்டினால் அன்டெனா தயார். மிச்சத்தை ஒரு யூஎஸ்பி டொங்கிளும் ஒரு ராஸ்பெரி பையும் பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, உது புதுக் கேபிளோ? மாசம் எவ்வளவு?" என்று கேட்டார். நான் சொன்ன விளக்கம் அவருக்குத் திருப்தியாக இருக்கவில்லை. ஏதோ மலிவாகப் பிடித்துவிட்டு மறைக்கிறேன் என்றுதான் இன்னும் நினைக்கிறார்.

குடாநாடு தட்டையான நிலம். பனையைத் தவிர மறைப்பு இல்லை. 35,000 அடியில் போகிற விமானம் 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தும் கேட்கும். கொழும்புக்கு இறங்குகிறவை, சென்னையில் இருந்து ஏறுகிறவை, வளைகுடாவில் இருந்து கிழக்கே போகிற பெரிய உருப்படிகள், பலாலிக்கு வருகிற ஏரிஆர்-72 எல்லாம் திரையில் ஊரும். எதையாவது தொட்டால் ஒரு பட்டியல் விரியும். எல்லோரும் மேலே உள்ள விமானத்தின் பெயர், வேகம், உயரத்தைப் பார்த்துவிட்டு விடுவார்கள். நான் கீழே போகிறவன். தொழில் பழக்கம் அது. மீற்றர் காட்டுகிற வோல்ற்றேஜை நம்ப முதல் மீற்றரைச் சந்தேகப்படுவேன். பட்டியலின் அடியில் என்ஐசி, என்ஏசி-பி, எஸ்ஐஎல் என்று ஒரு வரிசை எண்கள் இருக்கும். சொல்கிற இடத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான எண்கள் அவை. முதலாவது ஒரு வட்டத்தின் அளவு, இரண்டாவது துல்லியம், மூன்றாவதுக்குப் பிறகு வருகிறேன். அங்கே என்ஐசி 8 என்று இருந்தால் பக்கத்தில் 186 மீற்றர் என்று வரும். அதன் அர்த்தம்: நான் சொல்கிற இடத்தைச் சுற்றி 186 மீற்றரில் ஒரு வட்டம் போடு, அந்த வட்டத்துக்குள்தான் நான் நிற்கிறேன், அதற்கு வெளியே போனால் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஏடிஎஸ்-பி பற்றித் தமிழில் எழுதுகிற எல்லோரும் வரைபடத்தில் ஊருகிற சின்ன விமானப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தொழில்நுட்பத்தின் முக்கால் பங்கு இந்த அடி வரிசையில்தான் இருக்கிறது.

கராஜில் ஒரு விமானம்

யாழ்ப்பாணத்தில் "கராஜுக்குள்ளே விமானம் செய்யிறன்" என்று சும்மா ஒருக்கால் சொல்லிப் பாருங்கள். அன்று பின்னேரமே யார் வீட்டுக்கு வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் அது ஒரு பொழுதுபோக்கு. வேலையின் பெரும்பங்கை, அவர்கள் வாயில் ஐம்பத்தொரு சதவீதத்தை, தொழில் செய்யாத ஆட்கள் தங்கள் கற்கைக்கோ பொழுதுபோக்குக்கோ செய்திருந்தால், அந்த விமானத்துக்குப் பரிசோதனை விமானம் என்ற வகையில் பறக்க அனுமதி கிடைக்கும். செய்து முடித்தவரே வருடாந்தச் சோதனையைச் செய்து கையெழுத்து வைக்கிற சான்றிதழையும் எடுத்துக்கொள்ளலாம். மச்சான் வாங்கியது ஓரிகன் மாநிலத்து வான்ஸ் கம்பனியின் ஆர்வி-9ஏ கிற். பெட்டி பெட்டியாக அலுமினியத் தகடு வந்தது. வீடியோ அழைப்பில் முதலில் காட்டியபோது தகர வேலைக்காரனின் பட்டறை மாதிரித்தான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து இறக்கை ஒன்று எழும்பி நின்றது. உடம்பு முழுக்க முள்ளு. தகடுகளைத் தற்காலிகமாகக் கவ்விப் பிடிக்கிற கிளெக்கோ என்கிற ஸ்பிரிங் ஆணிகள் அவை. சின்னத் துளைக்கு வெள்ளி நிறம், அடுத்த அளவுக்குச் செப்பு நிறம். ஒவ்வொன்றாகக் கழற்றி அந்தத் துளையில் ரிவெற் அடிக்க வேண்டும். அவன் வெளியே நின்று ரிவெற் கன்னால் அடிக்க, மனைவி உள்ளே இரும்புக் கட்டியை ஏந்திப் பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் கதைக்காத கிழமைகளில் விமானமும் வளரவில்லையாம்.

விமானம் வளர்ந்த கதையை அவனே ஒருநாள் எழுதட்டும். எனக்குப் பொருட்டு அதன் கடைசிப் பகுதிதான். 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்பரப்பிலும், பொதுவாக 10,000 அடிக்கு மேலேயும் பறப்பதென்றால் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பு வேண்டும். இயந்திரத்தால் ஓடுகிற மின்சாரமே இல்லாத பழைய விமானங்களுக்கும் கிளைடருக்கும் பலூனுக்கும் சில சலுகை உண்டு. இவனுடையதற்கு இல்லை. அவன் விமானத்தை நிறுத்தி வைத்திருக்கிற சின்ன ஓடுபாதை ஹூஸ்டன் பெரிய விமான நிலையத்தில் இருந்து 30 கடல் மைலுக்குள் வருகிறது. ஆக, சக்கரம் தரையை விட முதலே பெட்டி பேசத் தொடங்க வேண்டும். அங்கே 18,000 அடிக்குக் கீழே பறக்கிறவர்களுக்கு 978 மெகாஹேர்ட்ஸில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்காவுக்குள் மட்டும்தான் செல்லும். என்றாவது கனடாவுக்குப் பறந்து ஸ்காபரோ சொந்தங்களுக்கு விமானத்தைக் காட்ட வேண்டும் என்பது இவனுடைய ஆசை. அதனால் 1090இல் ஒலிபரப்புகிற பெட்டியை, ட்ரான்ஸ்பொண்டர் என்பார்கள், அதையே வாங்கினான். வயிற்றுப் பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு அன்டெனா பூட்டிப் படம் அனுப்பினான். அதே கால்வாசி அலை, அதே 6.9 சென்ரிமீற்றர் சமாச்சாரம். என்னுடையது தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் மேலே பார்த்து நிற்கிறது, அவனுடையது வயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறது.

விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எல்லாச் சண்டையும் அதில்தான் தொடங்கியது. தொழிற்சாலை விமானத்தில் பூட்டுகிற கருவிக்கு அரச அங்கீகார முத்திரை வேண்டும். வீட்டில் செய்த விமானத்துக்கு முத்திரை கட்டாயமில்லை, அந்த முத்திரைக்குரிய செயற்திறன் இருந்தால் போதும். 2015இல் விதியின் வாசகத்தைத் திருத்தி இதைத் தெளிவாக்கினார்கள். மலிவான, நல்ல கருவிகள் சந்தைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் முத்திரை இல்லாத இடத்தில் "இது போதும்" என்று சொல்கிற பொறுப்பு செய்தவன் தலையில் வந்து விழுகிறது. மச்சான் ட்ரான்ஸ்பொண்டரைப் புதிதாக, விதிக்குப் பொருந்தியதாக வாங்கினான். இடத்தைச் சொல்கிற ஜிபிஎஸ் மட்டும், முகப்புத் திரையில் வரைபடத்துக்கென்று ஏற்கெனவே பூட்டியிருந்ததையே வயர் இழுத்துக் கொடுத்துவிட்டான்.

பறந்து பார்த்துவிட்டு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் அறிக்கை கேட்டான். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அரை மணித்தியாலமாவது அந்த வான்பரப்பில் பறந்து, கொஞ்சம் திரும்பி வளைந்து வந்து, விமான இலக்கத்தைக் கொடுத்தால், அன்றைக்கு உன் பெட்டி என்னென்ன சொன்னது, எது விதிக்குள், எது விதிக்கு வெளியே என்று மின்னஞ்சலில் அறிக்கை வரும். காசில்லை, ஒபிசுக்கு அலைச்சலில்லை, "நாளைக்கு வாங்கோ" இல்லை. பிழையான கட்டங்களுக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். இவனுடைய அறிக்கையில் பெரும்பாலும் சுத்தம். எஸ்ஐஎல் என்ற கட்டம் மட்டும் இரத்தச் சிவப்பு.

ஒரு திருகல்

எஸ்ஐஎல் என்பது 0 முதல் 3 வரை உள்ள ஓர் எண். விமானம் "இந்த வட்டத்துக்குள் நிற்கிறேன்" என்று சொல்லியும், வட்டத்துக்கு வெளியே நின்று, அதை ஒருவருக்கும் அறிவிக்காமல் விடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை அது சொல்கிறது. 3 என்றால் கோடியில் ஒன்று. விதி கேட்பது அந்த 3. பூச்சியம் என்றால் தெரியாது, அல்லது சொல்ல முடியாது என்று அர்த்தம். இதில் ஒரு விசித்திரம். என்ஐசியையும் என்ஏசி-பியையும் ஜிபிஎஸ் பறந்துகொண்டே கணக்குப் பண்ணிச் சொல்கிறது. எஸ்ஐஎல்லைப் பொதுவாக எந்தக் கருவியும் அளப்பதில்லை. எந்த ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறது, அதை வடிவமைத்தவர்கள் என்ன உறுதி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, பூட்டுகிற ஆள் அமைப்புப் பக்கத்தில் ஒரு தடவை போட்டுவிட்டு வருவதுதான்.

அன்றிரவு அவன் கைபேசியைக் கருவிப் பலகைக்குக் கிட்டப் பிடித்து அந்தப் பக்கத்தைக் காட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. பூச்சியம் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. அவன் குமிழை ஒரு சொட்டுத் திருக 1 ஆனது, 2 ஆனது, 3 ஆனது. திரும்பவும் பின்னுக்குத் திருகினான். "பார். இவ்வளவுதான் தூரம். இதை அமத்திப்போட்டு நாளைக்கு ஒருக்கால் பறந்தால் சிவப்புப் போயிடும். ஒருத்தனுக்கும் தெரியாது."

பிறகுதான் அந்தக் கேள்வி. கூடவே கணக்கும் வைத்திருந்தான். "அவங்கள் கேக்கிற வட்டம் 370 மீற்றர். துல்லியம் எண்டு கேக்கிறது 92 மீற்றர். என்ரை ஜிபிஎஸ் நிக்கிற பார்க்கிங் கோட்டைச் சரியாக் காட்டுது, மூண்டு மீற்றர் பிழைச்சாலே பெரிசு. கேட்டதிலும் பார்க்க நூறு மடங்கு திறமாக் குடுக்கிறன். அதுக்குப் பெயிலோ? அதுக்கு இன்னும் சில நூறு டொலரோ?"

நல்ல வாதம். அன்றைக்கு அதை உடைக்க என்னிடம் ஆயுதம் இல்லை, நித்திரையும் வேறு. "திருகாதை, பொறு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். ஆனால் படுத்தபிறகும் அது விடவில்லை. அவன் சொன்ன எண்கள் எல்லாம் சரி. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று பொருந்தாமல் இருப்பதுதான் ஆளைத் தூங்கவிடாது.

பிடி கிடைத்தது வழி கேட்கிற விஷயத்தில். எங்கள் ஊரில் வழி கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் "தெரியாது" என்று சொல்ல மனம் வராது. "உதிலைதான், கூப்பிடு தூரம்" என்று கை நீளும். பத்தில் ஒன்பது தடவை அந்தக் கை சரியான பக்கந்தான். பிரச்சினை பத்தாவது தடவை. அன்றைக்கும் கை அதே உறுதியோடுதான் நீளும், குரலில் ஒரு தளம்பல் இருக்காது. எனக்கு வேண்டியவர் ஒன்பது தடவை சரியாகச் சொல்கிறவர் இல்லை. தெரியாத அன்றைக்குத் தெரியாது என்கிறவர். மச்சானின் ஜிபிஎஸ் மூன்று மீற்றருக்குள் சரியாகச் சொல்வது நல்ல நாளின் கதை. விதி கேட்பது கெட்ட நாளின் கதை.

ஜிபிஎஸ்ஸுக்கு அந்தக் கெட்ட நாள் எப்படி வரும்? நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் இடத்தையும் உயரத்தையும் நேரத்தையும் கணித்துவிடலாம். அந்த நான்கில் ஒன்று பிழையான நேரத்தைச் சொன்னால் இடமும் பிழைக்கும், ஆனால் கணக்கு வெளித்தோற்றத்துக்கு ஒழுங்காகவே முடியும். ஐந்தாவது ஒன்று இருந்தால் இவர்களுக்குள் ஒருவர் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கலாம். ஆறாவதும் இருந்தால் அது யார் என்று பிடித்து விலக்கலாம். இந்த விசாரணையைச் செக்கனுக்குச் செக்கன் நடத்தி, "இப்போதைக்கு இத்தனை மீற்றர் வட்டத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்கிறதுதான் விமானத்துக்கான ஜிபிஎஸ். தரையில் இருந்து செயற்கைக்கோள்களைக் கண்காணித்துத் திருத்தம் அனுப்புகிற ஏற்பாடும் அதற்குத் துணை. அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய வாஸ், எங்கள் அயலில் இந்தியாவின் ககன். வரைபடத்துக்கான ஜிபிஎஸ்ஸுக்குள்ளும் ஏறத்தாழ அதே போலச் சிப் இருக்கலாம். ஆனால் அந்த விசாரணையைச் செய்து, அதன் முடிவுக்குக் கையெழுத்துப் போடுகிற வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை. இது கற்பனைப் பயமும் இல்லை. 2004 ஜனவரி 1ஆம் திகதி 23ஆம் இலக்க ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரம் குழம்பியது. அதை "நம்பாதே" என்று குறிக்க ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் எடுத்தது. அந்த மூன்று மணித்தியாலமும் விசாரிக்கத் தெரிந்த ஜிபிஎஸ்ஸுக்கும் விசாரிக்கத் தெரியாத ஜிபிஎஸ்ஸுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மீற்றரில் அளக்கிறதில்லை.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "வாசிச்சன்" என்று மட்டும் பதில் வந்தது. அவனை அசைத்தது என் எழுத்து இல்லை, ஒரு படம். சில நாள் கழித்து இரவு கடையைப் பூட்டிவிட்டு வந்து திரையைப் பார்த்தபோது, மேற்கே இருந்து வந்த ஒரு பெரிய பயணிகள் விமானம் கண்ணில் பட்டது. பெயர் இருந்தது, உயரம் இருந்தது, வேகம் இருந்தது. பாதை மட்டும் துண்டு துண்டாக வந்தது. தொட்டுப் பார்த்தேன். எஸ்ஐஎல் 3. என்ஐசி 0. வட்டத்தின் அளவு இருக்க வேண்டிய இடம் வெறுமை. வருகிற வழியில் எங்கேயோ ஜிபிஎஸ்ஸைக் குழப்புகிற அலைகளுக்குள் புகுந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். மேற்கே இப்போது அப்படியான வான்பரப்புகள் பல. கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான அந்த விமானம், என் மாடிக் கம்பி வரைக்கும் கேட்கிற மாதிரி, "நான் சொல்கிற இடத்தை இப்போது நம்ப வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு போனது. அப்படிச் சொன்னால் கட்டுப்பாட்டாளர்கள் ராடாருக்கோ வானொலிக்கோ திரும்புவார்கள். கையில் வேறு வழிகள் இருக்கின்றன. சொல்லாமல் விட்டால்தான் ஒரு வழியும் இல்லை.

அந்தப் பட்டியலைப் படம் பிடித்து ஒரு சொல்லும் எழுதாமல் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. "டேய், நான் அந்த மூண்டைப் போட்டால் என்ரை பெட்டி இப்படி ஒருநாளும் சொல்லாது, என்ன?"

"சொல்லாது. பிழைச்ச அண்டைக்கும் மூண்டெண்டுதான் சொல்லும்."

"செய்தவன் நான். சோதிக்கிறவன் நான். லொக் புத்தகத்தில் ஒப்பம் வைக்கிறவனும் நான். வேறை ஒருத்தன் பார்க்கப்போறதில்லை எண்டதுதான் இதிலை கரைச்சலே." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரி, வாங்குவம். ஆனால் நீ வென்றதாய் நினைக்காதை."

விதிக்குப் பொருந்திய ஜிபிஎஸ் வந்தது. அதன் கையேட்டிலேயே எஸ்ஐஎல் 3 என்றும், வடிவமைப்பின் உறுதியைச் சொல்கிற எஸ்டிஏ 2 என்றும் போடச் சொல்லி இருந்தது. குமிழை அதே அளவுதான் திருகினான். அடுத்த அறிக்கையில் சிவப்புப் போய்விட்டது, அழைப்புப் பெயரின் முதல் எழுத்து விடுபட்ட சில்லறைப் பிழை ஒன்றைத் தவிர. அதையும் திருத்தினான்.

இருட்டில் இருந்து பழகியவர்கள்

மாமி உரும்பிராயில் இருக்கிறார். மகன் பறக்கிற அன்றைக்கு அவரிடம் போய் என் கைபேசியில் காட்டினேன். டெக்சாஸிலும் என்னைப் போல மாடியில் கம்பி நட்டவர்கள் நிறையப் பேர். அவர்களின் தயவில் மச்சானின் விமானம் வயல்களுக்கு மேலே ஊர்ந்தது. மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "நிக்கிற இடத்தை ஏன் தம்பி ஊருலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறான்?" என்றார்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி எங்கே இருந்து வருகிறது என்று இங்கே வளர்ந்தவனுக்குத் தெரியாதா? போர்க் காலத்தில் வானத்தில் சத்தம் கேட்டால் ஜாம் போத்தல் விளக்கையும் அணைத்துவிட்டு இருந்த தலைமுறை அது. சியாமாசெட்டியா, புக்காறாவா, அவ்ரோவா, கிபிரா என்று வருகிற குண்டு விமானத்தைச் சத்தத்தை வைத்தே சொல்லப் பழகியிருந்தோம். மேலே போகிறவனும் தன்னைச் சொல்ல மாட்டான், கீழே இருக்கிற நாங்களும் எங்களைக் காட்ட மாட்டோம். மறுபக்கமும் மாமிக்குத் தெரியும். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அந்தனோவ் சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேர். அது கிடந்த இடம் இரணைதீவுப் பக்கக் கடலடியில் தெரிய வந்தது 2012இல். அத்தனை வருஷமும் எங்கே என்று ஒருவருக்கும் சொல்ல முடியாமல் இருந்த குடும்பங்களை இந்தக் குடாநாட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் அதை எடுக்கவில்லை. மாமியும் எடுக்கவில்லை. தேத்தண்ணி போட எழும்பினார்.

அவருடைய கேள்வி அமெரிக்காவிலும் கேட்கப்படுகிற கேள்விதான். அங்கே விமான இலக்கத்தைப் பதிவேட்டில் தட்டினால் உரிமையாளரின் பெயரும் விலாசமும் வந்துவிடும். 2024இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, 2025 முதல் கேட்டுக்கொண்டால் மறைக்கிறார்கள். உரிமையாளரோடு இணைக்க முடியாத தற்காலிக அடையாள இலக்கம் எடுக்கவும் வழி இருக்கிறது, 1090இல் ஒலிபரப்புகிறவர்களுக்கு, அமெரிக்க வான்பரப்புக்குள் மட்டும். அரசு கொடுக்கிற தரவில் இருந்து தன் விமானத்தை நீக்கச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் அது என்னைப் போன்ற ஆட்களின் கம்பியைக் கட்டுப்படுத்தாது. காற்றில் வருகிறதை எங்கள் பெட்டி கேட்கும். இதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. பாதுகாப்புக்கென்று ஒருவன் தன் இடத்தைச் சொல்ல, அதை வேடிக்கைக்கென்று நான் கேட்கிறேன். யார் யார் கேட்கலாம் என்பதற்கு அந்த 112 பிட்டுக்குள் இடம் ஒதுக்கவில்லை.

போன மாதம் மச்சானுக்கு ஒரு பில் வந்தது. ஏதோ ஒரு சின்ன விமான நிலையம் இறங்குகூலி கேட்டு அனுப்பியிருந்தது. அவன் அங்கே நிற்கவே இல்லை, பயிற்சிக்காக ஓடுபாதையைத் தொட்டுவிட்டு எழும்பியவன். ஏடிஎஸ்-பி தரவைப் பிடித்து, யார் எப்போது தொட்டார்கள் என்று கணக்கெடுத்து வீட்டுக்குப் பில் அனுப்புகிற வேலையை அங்கே சில விமான நிலையங்கள் தொடங்கியிருக்கின்றன. விமானிகளின் சங்கங்கள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பில்லில் தொட்ட நேரம் செக்கன் கணக்கில் இருந்ததாம்.

"நீ சொல்லிச் சொல்லி நான் காசு குடுத்து வாங்கின பெட்டி, இப்ப எனக்கு எதிராச் சாட்சி சொல்லுது" என்று கத்தினான்.

"எஸ்ஐஎல் மூண்டு சாட்சியெல்லோ. மறுக்கேலாது."

கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு வைத்தான். இருபது டொலர்ப் பில். அதைக் கட்டாமல், தொட்டு எழும்புவது இறங்குவதில் சேருமா என்று கேட்டு அந்த விமான நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது பக்கம் போகிறதாம்.